சாமியார் மூடிய கடல்

‘ஒரு வாரத்துக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகக் கூடாது.’

இப்படி ஒரு உத்தரவு. கலெக்டர் போட்டதா? இல்லை. மீன்வளத் துறை? அதுவும் இல்லை. புயல் இல்லை, கொந்தளிப்பு இல்லை, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றவில்லை. கடல் பாட்டுக்குக் கடல் சும்மாதான் கிடந்தது. உத்தரவு போட்டது கத்தோலிக்கத் திருச்சபை.

ஏதோ போர்ச்சுக்கீசியர் காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1990களில், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போகிற சின்ன மீன்பிடிகாரர்களுக்கும், கடலின் அடிமட்டத்தையே வழித்துக்கொண்டு வருகிற இழுவைமடி விசைப்படகுகளுக்கும் அப்போது தீராத பகை. அந்தத் தகராறில் மீனவ கிராமம் ஒன்றுக்குத் திருச்சபை கொடுத்த தண்டனைதான் இந்த ஒரு வாரக் கடல் தடை.

ஒரு வாரம்தானே என்று தோன்றும். மாதச் சம்பளக்காரர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அன்றைக்குப் போய் அன்றைக்குக் கொண்டுவந்து அன்றைக்கே விற்று அரிசி வாங்குகிற வீட்டில், ஒரு வாரம் என்பது ஏழு நாள் அல்ல. ஏழு நாள் கடன்.

அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறந்தவுடன் ஞானஸ்நானம், செத்தபின் கல்லறை மந்திரிப்பு என்று வாழ்க்கையின் இரண்டு முனையையும் கோயிலில் கட்டிப்போட்டிருக்கும் கத்தோலிக்கர்கள், தங்கள் திருச்சபை மீதே வழக்குப் போட்டார்கள். அஜந்தா சுப்ரமணியன் என்ற மானுடவியல் ஆய்வாளர் இதை வைத்து ‘ஷோர்லைன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். 2009இல் வந்தது.

அவர்கள் நீதிமன்றத்தில் என்ன கேட்டார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், ஒரு பாதிரியாருக்குக் கடலை மூடுகிற அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

நாகர்கோவிலில் பஸ் ஏறி தெற்கே இராஜாக்கமங்கலத்துக்குப் போங்கள். ஊர் வேறு, துறை வேறு. ஊரில் தென்னந்தோப்பும் வயலும். துறையில் மணல், வலை, மீன் வாடை, நடுவே வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கோயில். ‘சர்ச்’ என்று யாரும் சொல்வதில்லை, கோயில்தான். பாதிரியாரை ‘ஃபாதர்’ என்பார்கள், ‘சாமியார்’ என்பார்கள். மேற்கே நடந்தால் அழிக்கால், பிள்ளைத்தோப்பு, முட்டம். கிழக்கே நடந்தால் பெரியகாடு, பள்ளம், மணக்குடி. சுமார் எழுபது கிலோமீட்டர் நீளம் வருகிற இந்த மாவட்டத்துக் கடற்கரை முழுக்க இதே காட்சிதான். குடிசை சின்னதாக இருக்கும். கோயில் பெரியதாக இருக்கும். தொலைவில் கடலில் இருக்கிறவனுக்குக் கரை எங்கே என்று அடையாளம் காட்டுவதே கோயில் கோபுரம்தான்.

இந்தக் காட்சிக்கு ஆரம்பம் 1544.

பிரான்சிஸ் சேவியர் - நம் ஊர்க்காரர்களுக்குச் சவேரியார் - 1542இல் கோவா வந்து இறங்கி, அந்த வருடக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரவர்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். போர்ச்சுக்கீசியர்களின் பாதுகாப்பு தேவைப்பட்டது. வாங்கிக்கொண்டார்கள். ஆனால், ஜெபம் சொல்லிக்கொடுக்கக்கூட அங்கே ஆள் இல்லை. சவேரியார் வந்து, ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்யவைத்தார்.

1544 ஜூனில் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கம் புகுந்து சூறையாடியது. மக்கள் பாறைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு, பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு உதவி கொண்டுபோக இருபது தோணிகளோடு கிளம்பினார் சவேரியார். மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அதில் போர்ச்சுக்கீசியத் தளபதி கோஸ்மி டி பைவா மீது அவருக்கு இருந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஏழைப் பரவனைக் காப்பாற்ற வேண்டிய ஆள், குதிரை வியாபாரத்தில் காசு பார்த்துக்கொண்டிருந்தார்!

இன்னொரு சங்கதி. பரவர்கள் போர்ச்சுக்கல் ராணிக்கு ஆண்டுதோறும் 4,000 பணம் கட்டி வந்தார்கள். எதற்கு? ராணியம்மாவின் செருப்புச் செலவுக்கு! விளையாட்டில்லை, கணக்கில் அப்படித்தான் பெயர். அந்தச் செருப்புக் காசை, ஊர் ஊராக ஜெபம் சொல்லிக்கொடுக்கிற கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்தார் சவேரியார்.

அந்த ஆண்டின் கடைசியில் வேணாட்டுக் கரைக்கு வந்து, முக்குவர் கிராமங்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் அவரே எழுதியிருக்கிறார். கை சோர்ந்து போயிருக்கும்.

இப்போது அந்த மக்கள் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ராஜா இருக்கிறார், வரி வாங்க. மேல்சாதிக்காரர்கள் இருக்கிறார்கள், எட்டி நில் என்று சொல்ல. போர்ச்சுக்கீசியத் தளபதி இருக்கிறார், குதிரை விற்க. இவர்களுக்காகக் கடிதம் எழுத, படகு அனுப்ப, தளபதியைப் பார்த்து ‘நீ செய்வது பாவம்’ என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அங்கி போட்ட ஆள். அந்த அங்கிக்கு மக்கள் தங்களைக் கொடுத்தார்கள் என்றால் ஆச்சரியம் என்ன?

ஆனால் அந்தக் கடிதங்களிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. தன்னுடைய உதவியாள் மான்சிலாஸுக்கு எழுதும்போது, மக்களிடம் பொறுமையாக இரு, அவர்கள் உன்னை நேசிக்கும்படி நடந்துகொள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். மனசைத் தொடுகிற வரிகள். அதே பேனா, புன்னைக்காயலில் சாராயம் குடிக்கிற பெண்களுக்கு அபராதம், அதோடு மூன்று நாள் காவல் என்றும் எழுதுகிறது. ஊரில் குடி தொடர்ந்தால் பட்டங்கட்டிகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற மிரட்டல் வேறு.

போதகரே நீதிபதி. போதகரே போலீஸ். சவேரியார் புனிதர். அவருக்குப் பின்னால் வந்த எல்லாருமா புனிதர்கள்?

1658இல் தூத்துக்குடியையும் 1663இல் கொச்சியையும் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். போர்ச்சுக்கல் கொடி இறங்கியது. தளபதி போய்விட்டார், ராணியின் செருப்பும் போய்விட்டது. சாமியார் மட்டும் போகவில்லை. கடற்கரையில் மிஞ்சிய ஒரே அமைப்பு கோயில். சண்டைக்குத் தீர்ப்பு சொல்வது, கல்யாண ஓலை வாசிப்பது, கணக்கு வைப்பது, அரசாங்கத்துக்கு மனு எழுதுவது எல்லாம் அங்கேதான். திருவிதாங்கூர் அரசுக்கும் அது வசதியாகவே இருந்தது. கடற்கரைக்காரனோடு யார் போய்ப் பேசிக்கொண்டிருப்பது? சாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னால் போதுமே!

இந்த ஏற்பாட்டுக்குச் செலவு யாருடையது? பிடிக்கிற மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு. ஊருக்கு ஊர் பெயரும் அளவும் மாறும், குத்தகை என்பது பொதுவான பெயர். கரைக்கு வருகிற மீனில் கோயில் பங்கை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். அதிகம் கேட்டவர் எடுப்பார். கோயிலுக்குப் பணம் முன்னாலேயே வந்துவிடும். குத்தகைக்காரர் கடற்கரையில் நின்று, போட்ட முதலுக்கு மேலே எடுப்பார். வலையைக் காய வைக்கும் முன்னே பங்கு போய்விடும். பள்ளிக்கூடம் கட்டியதும் இந்தக் காசுதான், கோபுரம் எழும்பியதும் இந்தக் காசுதான், அதை மறுக்க முடியாது. கொடுக்க முடியாதவன் கதி? ‘உன் மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். கடன்பட்டாவது கட்டுவான். பிசாசுக்குப் பயப்படாதவன்கூட, ஊர் நடுவே பேர் வாசிக்கப்படாமல் போவதற்குப் பயப்படுவான்.

பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் இடிந்தகரை இருக்கிறதே, பிற்பாடு அணு உலைப் போராட்டத்தில் உலகத்துக்கே தெரிந்த ஊர், அங்கே ‘துவிக் குத்தகை’ என்று ஒன்று இருந்தது. துவி என்றால் சுறாவின் செட்டை. சூப்புக்காகக் கப்பலேறிக் கிழக்கே போகிற சரக்கு. சுறாவின் உடம்பைவிட அந்தச் செட்டைக்குத்தான் விலை. அது கோயிலுக்கு! உயிரைக் கொடுத்துச் சுறா பிடிக்கிறவனுக்கு மாமிசம். 1960களில் மீனவர்கள் முரண்டு பிடித்தார்கள். ஊர் இரண்டு பட்டது. ஒரு பகுதியினர் மதத்தையே விட்டு விலகிப் போனார்கள். நானூறு வருட நம்பிக்கை, மீன் செட்டையில் அறுந்தது.

ஆனால் அப்படி அறுத்துக்கொண்டு போனவர்கள் சொற்பம். பெரும்பாலும் நடந்தது வேறு மாதிரி. அதற்குப் பெரிய உதாரணம் நமக்கு மேற்கே, கொச்சிப் பக்கம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் மதகுருக்களின் திமிர் எப்படி வரும், எப்படி விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை இந்தியாவில் இல்லை.

கேரளத்து தோமா கிறிஸ்தவர்கள், நஸ்ராணிகள், போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இங்கே இருந்தவர்கள். நம் திருவிதாங்கோட்டில் இருக்கிற அரப்பள்ளியைத் தோமையாரே கட்டியதாக அவர்கள் நம்புகிறார்கள். அவர்களுடைய ஆயர்கள் பாரசீகப் பக்கத்திலிருந்து வருவார்கள். வந்து, குருப்பட்டம் கொடுப்பார்கள், ஆசீர்வதிப்பார்கள். அவ்வளவுதான். நிர்வாகம் அவர்கள் கையில் இல்லை. அது உள்ளூர்க்காரரான ஆர்ச்டீக்கன் கையில். அவருக்கும் மேலே ‘பள்ளி யோகம்’ என்று ஒரு சபை. குருக்களும் குடும்பத் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கோயில் கணக்கு பார்ப்பார்கள், வழக்கு தீர்ப்பார்கள். இன்றைக்கு நம் கடற்கரையில் ‘கணக்கைக் காட்டுங்கள் ஃபாதர்’ என்று கேட்பவனைக் கலகக்காரன் என்கிறோமே, நஸ்ராணிகளுக்கு அது வாடிக்கை.

1595இல் கோவாவுக்குப் பேராயராக வந்தார் அலெய்ஷோ டி மெனசிஸ். பெரிய இடத்துப் பிள்ளை. வயது நாற்பதைத் தொடவில்லை. இந்த நஸ்ராணிகளின் பழக்க வழக்கம் எதுவுமே அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்ட குருக்கள்! சிரியாக் மொழியில் பூசை! ரோமாபுரிக்குப் பதில் பாபிலோன் பேர்! 1599 பிப்ரவரியில் கொச்சியில் வந்து இறங்கினார். அந்த ஊர்க் கோயில்களுக்குள் அவர் நுழைய எந்த உரிமையும் இல்லை. நுழைந்தார். குருப்பட்டம் கொடுக்க உரிமை இல்லை. கொடுத்தார், அதுவும் டஜன் கணக்கில். ஏன் தெரியுமா? கூட்டம் கூட்டப் போகிறோம், ஓட்டு வேண்டுமே!

ஜூன் 20ஆம் தேதி உதயம்பேரூரில் மாநாடு தொடங்கியது. 153 குருக்கள், 660 ஊர்ப் பிரதிநிதிகள். ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. விவாதமா? தீர்மானங்கள் முன்னாலேயே தயார். வாசிக்க வேண்டியது, கையெழுத்து வாங்க வேண்டியது. குருக்கள் மனைவியரை விட்டுவிட வேண்டும். சிரியாக் புத்தகங்களைத் திருத்த வேண்டும், திருந்தாதவற்றைக் கொளுத்த வேண்டும். ஆண்கள் காது குத்திக்கொள்ளக் கூடாது என்பது வரைக்கும் தீர்மானம்! ஒரு சமூகத்தின் காது மடலுக்குக்கூட லிஸ்பனில் இருந்து அனுமதி வாங்க வேண்டிய நிலை.

கொளுத்தினார்கள். அங்கமாலியிலும் மற்ற இடங்களிலும் ஓலைகளும் தோல் ஏடுகளும் எரிந்தன. அந்தக் கிறிஸ்தவர்களின் ஆதி வரலாற்றை எழுத உட்காருகிற எவனும் இன்றைக்கும் தலையில் கை வைத்துக்கொள்வது அந்த நெருப்பை நினைத்துத்தான்.

ஆர்ச்டீக்கன் கீவர்கீஸ் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் போர்ச்சுக்கீசியப் பீரங்கி, எதிரே கொச்சி ராஜா, வேறு வழி என்ன? மெனசிஸ் வேலை முடிந்தது என்று கோவா திரும்பினார். பிற்பாடு கோவாவின் கவர்னராகவும் இருந்தார். பேராயரே கவர்னர்! அந்தக் காலத்துக்கு அது ஒன்றும் விசித்திரமில்லை.

மக்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அரை நூற்றாண்டு போனது. அடுத்தடுத்து ஏசு சபை ஆயர்கள். 1641இல் வந்த பிரான்சிஸ் கார்சியா, ஆர்ச்டீக்கனின் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மனு போட்டார்கள், பேசினார்கள், உடன்பாடு செய்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. 1652இல் அகத்தல்லா என்று ஒரு கிழக்கத்திய ஆயர் மயிலாப்பூரில் வந்து இறங்கினார். நம் பழைய ஆயர் வந்துவிட்டார் என்று நஸ்ராணிகளுக்குச் சந்தோஷம். போர்ச்சுக்கீசியர் அவரைப் பிடித்துக் காவலில் வைத்து, கப்பலில் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் கொச்சிக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான நஸ்ராணிகள் ஆயுதங்களோடு திரண்டு வந்தார்கள். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவை அவரைக் காட்டுங்கள், அவர் கொண்டுவந்த தாள்களைப் பார்க்கிறோம், பொய் ஆள் என்றால் நாங்களே விட்டுவிடுகிறோம்.

காட்டவில்லை. கோட்டைக் கதவு திறக்கவில்லை. கார்சியா அசையவில்லை. ‘இவர்களுக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?’ என்கிற அந்த மௌனம்தான் எல்லாவற்றையும் உடைத்தது. அகத்தல்லாவைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. (மூழ்கடிக்கவில்லை. அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு பாரிஸில் இறந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆளைக் காட்டியிருந்தால் வதந்திக்கு வேலையே இல்லையே!)

1653 ஜனவரி 3. மட்டாஞ்சேரியில் ஒரு கற்சிலுவை. எல்லாராலும் அதைத் தொட முடியவில்லை, அவ்வளவு கூட்டம். சிலுவையில் கயிறு கட்டி, நாலா பக்கமும் இழுத்து, ஆளுக்கு ஒரு இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள். இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பார்கள். அதனால் அதற்குப் பெயர் ‘கூனன் குரிசு’. சத்தியம் என்ன? இனிமேல் கார்சியாவுக்கும் ஏசு சபைக்காரர்களுக்கும் கீழ்ப்படிய மாட்டோம். அவ்வளவுதான். ஏசுவை விடுகிறோம் என்று சொல்லவில்லை. போப்பாண்டவரை விடுகிறோம் என்றும் அதற்கு அர்த்தமில்லை என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. அதனால்தான் ரோமாபுரி வேறு சபையைச் சேர்ந்த கார்மேல் துறவிகளை அனுப்பிப் பேசியபோது, பெரும் பகுதி மக்கள் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் தனித் திருச்சபை ஆனார்கள்.

சிலுவையைப் பிடித்துக்கொண்டே சாமியாரை உதறினார்கள்! இந்த நுட்பத்தைத்தான் மதகுருக்கள் எந்தக் காலத்திலும் புரிந்துகொள்வதில்லை. ‘என்னை எதிர்க்கிறவன் கடவுளை எதிர்க்கிறான்’ என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. அந்தத் தனித் திருச்சபையின் வாரிசுகளே பின்னாளில் இரண்டாகப் பிரிந்து, கல்லறைத் தோட்டம் யாருக்கு என்று சண்டை போட்டு, பிணத்தைப் புதைக்க விடாமல் வாசலில் நிறுத்தினார்கள். கடைசியில் கேரள அரசு 2020இல், செத்தவனை அவனுடைய குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் உரிமைக்கென்று தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. போர்ச்சுக்கீசிய மெனசிஸை மட்டும் திட்டிப் பயனில்லை.

கத்தோலிக்கரை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் நாஞ்சில் நாட்டிலேயே மற்றவர்கள் கதையும் உண்டு. சுசீந்திரம் கோயிலில் ‘கைமுக்கு’ என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. கொடூரம்தான், சந்தேகமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அதை நிறுத்தினார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஊரையே தள்ளிவைக்கிற அதிகாரம் கொண்ட சாதிக்கும், பதில் சொல்ல ஓர் இடம் இருந்தது. நெய்ச் சட்டிக்குப் பதில் கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்!

சீர்திருத்த சபைக்காரர்கள்? லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் - நாகர்கோவில்காரர்களுக்கு மீட் ஐயர் - 1818 ஆரம்பத்தில் வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே, ரெசிடெண்ட் மன்றோவின் ஏற்பாட்டில், நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு நீதிபதி! பாதிரியாரே ஜட்ஜ் என்றால் சபையில் கூட்டம் சேராமல் இருக்குமா? கச்சேரியில் தீர்ப்பு வேண்டியவனெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தான். நல்லவேளை, லண்டனில் இருந்த மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. சுமார் ஒரு வருடத்தில் பதவியை விட்டார். மீட் கெட்டவர் இல்லை. அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், தோள்சீலைப் போராட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் துணை என்று அவர் செய்தது ஏராளம். பிற்காலத்தில், 1850களின் தொடக்கத்தில், உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது, ‘எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகள்’ என்று பிரசங்கம் செய்த சக வெள்ளைக்கார மிஷனரிகளுக்கே பொறுக்கவில்லை. மிஷனை விட்டே விலக நேர்ந்தது. அங்கிக்கு உள்ளே இருப்பவனையும் அங்கி கடிக்கும்.

சரி, சாமியாரின் அதிகாரம் எப்போதுமே கெடுதல்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஆரல்வாய்மொழி தாண்டினால் வடக்கன்குளம். 1872இல் அங்கே கட்டிய கோயிலில் வெள்ளாளருக்கு ஒரு கை, நாடார்களுக்கு ஒரு கை. பீடத்தில் சேர்கிற இரண்டு கால்கள், கால்சட்டை மாதிரி! கட்டியவர்கள் ஏசு சபைப் பாதிரிமார்கள்தான். நடுவே இருந்த தடுப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தவரும் அதே சபைப் பாதிரிதான், கௌசானல். எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஆயர் பார்த் மீது வழக்குப் போட, 1917இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கௌசானல் ஊரில் ஓட்டெடுப்பு நடத்தியா இடித்தார்? இல்லை. தன் அதிகாரத்தில்தான் இடித்தார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவர் கட்சிதான்.

1989 மே 1ஆம் தேதி கன்னியாகுமரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது நினைவிருக்கலாம். கடலைக் காப்போம் என்று இரண்டு கரைகளிலிருந்தும் நடந்து வந்த மீனவர் ஊர்வலம் அது. நடத்திய மீனவர் அமைப்பின் தலைவர் தாமஸ் கோச்சேரி ஒரு பாதிரியார். மீனவப் பெண்களோடு கன்னியாஸ்திரிகளும் நடந்தார்கள். கடலை மூடிய சபையிலேயே, கடலுக்காக அடிவாங்கியவர்களும் இருந்தார்கள்.

இனி வழக்குக்கு வருவோம்.

மதகுரு கையில் இருக்கிற ஆயுதம் ரொம்பப் பழையது. 1208இல் போப் மூன்றாம் இன்னொசன்ட், இங்கிலாந்து மன்னன் ஜானோடு வந்த சண்டையில் நாட்டுக்கே பூசையை நிறுத்தினார். ஆறு வருடம். மணி அடிக்கவில்லை. பிணங்கள் மந்திரிப்பு இல்லாமல் புதைக்கப்பட்டன. தப்பு செய்தது ராஜா, தண்டனை குடியானவனுக்கு. நம் கடற்கரைத் தடை அதைவிட ஒரு படி மேலே. இன்னொசன்ட் மூடியது கோயிலை. இங்கே மூடியது வயிற்றுப்பிழைப்பை. எந்தத் திருச்சபைச் சட்டத்தில் கடலை மூடும் அதிகாரம் இருக்கிறது? இல்லை. அது ஊர் வழக்கத்தில் வந்த அதிகாரம், நானூற்றைம்பது வருடமாக வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்காராததால் வந்த அதிகாரம். 1983இல் ரோமாபுரி வெளியிட்ட புதிய சட்டத் தொகுப்பில் பங்குப் பேரவைக்கு இடம் உண்டு. அது ஆலோசனை சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் பங்குத் தந்தை விருப்பம். இதே குருத்துவ மேலாதிக்கத்தைத்தான் மறைந்த போப் பிரான்சிஸ் 2018இல் உலகக் கத்தோலிக்கர்களுக்கு எழுதிய கடிதத்தில், சபைக்குள் நடந்த கொடுமைகளின் வேர் என்கிற மாதிரி கடுமையாகக் கண்டித்தார்.

நம் மீனவர்கள் நீதிமன்றத்தில் கேட்டது மூன்று விஷயம். இந்தக் கரைக்கடலைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நாங்கள்தான் என்று அரசு ஒத்துக்கொள்ள வேண்டும். இழுவைமடியைக் கட்டுப்படுத்தும் எங்கள் உரிமைக்குப் பாதுகாப்பு வேண்டும். (கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருந்தது. கடலில் யார் கோடு போட்டுப் பார்ப்பது?) மூன்றாவது, எங்களுக்கும் அரசுக்கும் நடுவில் திருச்சபை நிற்க வேண்டாம்.

அந்த மூன்றாவதுதான் 1544ஐத் தொட்டது. ‘எங்களுக்குப் பேசத் தெரியும், நேராகப் பேசுகிறோம்’ என்பது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர்கள் போகாமல் இருக்கவில்லை.

ஆனால் நேராகப் பேச எதிரே ஆள் வேண்டுமே? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எத்தனை பேர் என்று அதிகாரிகளிடம் சரியான கணக்கில்லை. கோயில்களில் இருந்தது, வீடு வீடாக, பேர் பேராக. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் ராத்திரி வரைக்கும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், வெள்ளை அங்கியோடு, சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.